புழு எங்க இருக்குதுங்க டீச்சர்?

நடுவர் அவர்களே, கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தங்களே, வணக்கமுங்க.

'இலக்கிய வகுப்பில் நாடகம் படிப்பதற்கா, நடிப்பதற்கா?' நடிப்பதற்கே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: "மனோன்மணீயம் 1891இல் வந்த நாடக நூல். சுந்தரம் பிள்ளை படிப்பதற்காகத்தான் எழுதினார், மேடைக்காக அல்ல. அப்புறம் வகுப்பில் எதற்குக் கூத்து?"

ஐயா, அந்த நூலின் பாயிரத்திலிருந்து எடுத்த 'நீராருங் கடலுடுத்த' பாடலை எழுந்து நின்று பாடித்தானே சற்று முன் இந்தப் பட்டிமன்றத்தைத் தொடங்கினோம்? யாராவது மனதுக்குள் படித்துவிட்டு உட்கார்ந்தீர்களா?

எங்க அப்புச்சிக்கு எழுத்துக் கூட்டவே வராது. பொன்னர் சங்கர் கதையான அண்ணமார் கதை மட்டும் தலைகீழ்ப் பாடம். உடுக்கடிப் பாட்டில் கேட்டது, அந்தக் கதையின் போர்க்களத்தை நடத்திக் காட்டும் படுகளத்தில் ஆட்கள் செத்தவர்போல விழுந்து கிடந்ததைப் பார்த்தது, அவ்வளவுதான் அவர் படிப்பு. சரி, அது கோயில் சமாச்சாரம். வகுப்புக்கு வருகிறேன்.

மனோன்மணீயத்தில் ஐந்து அங்கம், இருபது களம். நான் எடுத்தது ஒரே ஒரு தனிமொழி. ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் நடராசன், ஒரு மண்புழுவைப் பார்த்துப் பேசுகிறான். நாங்கூழ்ப் புழு என்கிறார் கவிஞர். 'உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ' என்று அதற்குப் பட்டம் கட்டுகிறான். இரண்டு நாள் பொருள் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், கொட்டாவியோடு.

மூன்றாம் நாள் ஒரு பையனை எழுப்பி, நடி என்றேன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற வீட்டுப் பையன். முதலில் அவன் கேட்டது: "புழு எங்க இருக்குதுங்க டீச்சர்?"

பதினேழு வருடமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன், அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை!

கரும்பலகைக்குக் கீழே என்று ஒரு இடம் காட்டினேன். 'வேந்து' என்று இருக்கிறதே, அதனால் தேர்தல் கூட்டத்தில் பேசுகிறவன்போல முழங்கினான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்: "ஏனப்பா, இப்படிக் கத்துனா புழு மண்ணுக்குள்ள ஓடிப்போயிராதா?" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். பிறகு மண்டியிட்டுக் குனிந்து, 'எம்மண் ணாயினும் நன்மண் ணாக்குவை' என்று, வயலில் அவங்க அய்யனிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னான். பின்வரிசை எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை, சிமெண்டுத் தரை!

நாலு பேர் நடிக்க நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பதா என்றார் எதிரணித் தலைவர். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் வேடிக்கை பார்த்தவள்தானுங்க. அவள் வாயைத் திறக்காவிட்டால் அந்த வரி இன்னும் முழக்கமாகவே கிடந்திருக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பீரியட் போயிற்று. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் மூன்று தடவை எட்டிப் பார்த்து முறைத்தார். அடுத்த வாரம் ஒரு முழுக் களம் போடலாம் என்றால், சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் வேஷத்துக்குத்தான் அடிதடி. அரசன் ஜீவகனாக நிற்க ஆளில்லை!

எதிரணித் தலைவரின் மாணவர்களுக்கு அந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்று அவர்களைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துக்கறனுங்க.