கவனத்தைக் கூட்டும் மூலிகை மாத்திரை: புட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பார்ப்போம்

வணக்கம். மூன்று வாரங்களாக நான் எடுத்துவந்த மூலிகை மாத்திரைப் புட்டி இதுதான். விழுங்கிய முக்கால் மணி நேரத்தில் சோர்வு விலகி, எடிட்டிங் வேலையை ஒரே மூச்சில் முடித்தேன் என்பது உண்மை. ஆனால், மாலையிலும் ஒன்று விழுங்கிய நாட்களில் நள்ளிரவு தாண்டியும் உறக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

புட்டியைத் திருப்பி, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். நீர்ப்பிரமி, கிங்கோ என்ற இரண்டு மூலிகைப் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில் ‘குவாரானா விதைச் சாறு’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். காப்பிக் கொட்டையைவிட அதிகக் காஃபின் கொண்ட விதை அது. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. அது சென்று பொருந்த வேண்டிய இடங்களான ஏற்பிகளைக் காஃபின் அடைத்துக்கொள்வதால் சோர்வு நமக்குத் தெரியாமல் போகிறதே தவிர, தீர்ந்துவிடுவதில்லை. உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், என் உறக்கம் எங்கே போனது என்பது இப்போது புரிகிறது.

நீர்ப்பிரமியை நான் ஒதுக்கிவிடவில்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாற்றை 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில், கற்றதை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் ஓரளவு மேம்பட்டது. சிலருக்கு வயிற்றுக் கோளாறும் வந்தது. அது மெதுவாக நினைவாற்றலுக்கு உதவக்கூடிய மூலிகையே ஒழிய, விழுங்கிய அன்றே விழிப்பைத் தருவதன்று. கிங்கோவின் நிலை இன்னும் பலவீனமானது: அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், மறதி நோயைத் தடுப்பதில் அது ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலானதாக இல்லை.

என்னை உண்மையில் வருத்துவது இந்த லேபிள்தான். மூன்றுக்கும் சேர்த்து மொத்த எடையை மட்டும் போட்டிருப்பதால், நான் எவ்வளவு காஃபின் விழுங்கினேன் என்று கணக்கிடவே முடியவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எல்லா வழியிலும் சேர்த்து நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. அளவே தெரியாத மாத்திரையோடு காப்பியும் குடிப்பவர் அந்த வரம்பை எப்படிக் காப்பார்? தனித்தனி அளவு போடாத புட்டியை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கிங்கோ இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.