மூச்சை இழுப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம். நுரையீரல்தான் காற்றை உள்ளே இழுக்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் கேட்டால் மருத்துவ மாணவர்களே முதலில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதற்கான தசை அதில் கிடையாது.

உழைப்பதெல்லாம் வெளியே இருக்கும் தசைகள். அவற்றில் முக்கியமானது உதரவிதானம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, விரித்த குடை போல மேல்நோக்கி வளைந்திருக்கும் தசை அது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து உத்தரவு வந்ததும் சுருங்கிக் கீழே இறங்கும். விலா எலும்புகள் மேலெழும். மார்புக்கூடு பெரிதாக, அதன் உட்சுவரை ஒட்டியிருக்கும் நுரையீரலும் கூடவே விரியும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று தானே நுழைந்துவிடும். எவ்வளவு குறைகிறது தெரியுமா? அழுத்தத்தை அளக்கும் அலகில் சொன்னால், சும்மா உட்கார்ந்திருக்கையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பாதரசம்தான். வெளிக்காற்றின் அழுத்தமோ 760. இந்தத் துளி வித்தியாசத்துக்கே அரை லிட்டர் காற்று வந்துவிடுகிறது!

சரி, வெளியே விடுவதற்கு? தசைகள் தளர்ந்தால் போதும், விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். இருமும்போதும் நாகஸ்வரம் ஊதும்போதும்தான் வயிற்றுத் தசைகளுக்கு வேலை.

நுரையீரல் தானாக விரிவதில்லை என்பதற்குக் கண்கண்ட சாட்சி, ‘இரும்பு நுரையீரல்’ என்ற கருவி. அமெரிக்க ஆய்வாளர்களான பிலிப் டிரிங்கரும் லூயிஸ் ஷாவும் உருவாக்கியது. 1928இல் பாஸ்டன் நகரில், போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்த ஒரு சிறுமியை அதற்குள் படுக்க வைத்தார்கள். தலை மட்டும் வெளியே. உடல் முழுக்க இரும்புப் பெட்டிக்குள். பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும், மூக்கு வழியே காற்று போகும். நுரையீரலை யாரும் தொடவே இல்லை, பாருங்கள். இன்றைய வென்டிலேட்டர் நேர் எதிர்; காற்றை உள்ளே தள்ளுகிறது.

அப்புறம், கிணற்றில் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்காக ஒன்று. மூச்சைப் பிடித்திருக்கும்போது வரும் தவிப்பு, பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால் வருவது. யார் அதிக நேரம் முங்குவது என்ற போட்டியில், முதலில் மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டுக் குதிக்கிறார்கள். இதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. தவிப்பு தாமதமாகிறது. அது வருவதற்குள் ஆக்சிஜன் குறைந்து, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். வணக்கம்.