கடல் கடந்த ஓர் இசைத்தட்டு

நேயர்களுக்கு வணக்கம். லிவர்பூல் நகரின் பீட்டில்ஸ் குழு அமெரிக்க மக்களின் மனத்தைப் பிடித்த கதையைச் சொல்பவர்கள், பெரும்பாலும் 1964 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் தொடங்குவார்கள். அன்று எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த நால்வரும் பாடியதை ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பிப்ரவரி 1ஆம் தேதியிட்ட பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலிலேயே அவர்களுடைய ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ முதலிடத்துக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சி அறுவடை செய்தது, விதைத்தது வானொலி. ஒலிவாங்கியின் முன் அமர்ந்துகொண்டு இப்படிச் சொல்வது சொந்தக் கட்சிக்குப் பரிந்து பேசுவதாகத் தோன்றலாம். நடந்ததைக் கேட்டுவிட்டு நேயர்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1963இல் பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த இந்தக் குழுவை அமெரிக்காவில் சீந்துவார் இல்லை. அவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்துக்கு அங்கே கேபிடல் என்ற சொந்த நிறுவனமே இருந்தும், பிரிட்டிஷ் பாடகர்கள் அமெரிக்காவில் எடுபட மாட்டார்கள் என்று கருதி, கேபிடல் ஒவ்வொரு பாட்டுக்கும் கைவிரித்தது. சிகாகோவின் வீ-ஜே என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட ‘ஃப்ரம் மீ டு யூ’ 116ஆம் இடத்தோடு நின்றுபோனது. அதே பாட்டை அமெரிக்கரான டெல் ஷானன் பாடியபோது 77ஆம் இடம் வரை ஏறியது என்பதைப் பார்த்தால், குறை பாட்டில் இல்லை என்பது விளங்கும்.

ஆண்டின் இறுதியில் கேபிடல் ஒருவழியாக இணங்கி, ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ என்ற புதிய இசைத்தட்டை ஜனவரி நடுவில் வெளியிடுவதாக இருந்தது. அதற்குள், பிரிட்டனில் நடக்கும் ஆரவாரத்தைப் பற்றி டிசம்பர் 10 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, இந்த இசை நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வாஷிங்டனின் டபிள்யூ.டபிள்யூ.டி.சி. வானொலிக்கு எழுதிக் கேட்டாள். அறிவிப்பாளர் கேரல் ஜேம்ஸ், விமானப் பணிப்பெண் ஒருவர் மூலமாக லண்டனிலிருந்து இசைத்தட்டை வரவழைத்து, டிசம்பர் 17 அன்று அந்தச் சிறுமியையே நிலையத்துக்கு அழைத்து அறிவிக்கச் செய்தார். தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. பிற நிலையங்கள் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக, பாட்டின் நடுவே ஒலியைக் குறைத்துத் தம் நிலையத்தின் பெயரைச் சொல்வாராம் ஜேம்ஸ். எங்கள் தொழிலுக்கே உரிய சின்னத்தனம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்! அப்படியும் பாட்டு சிகாகோ, செயின்ட் லூயிஸ் நிலையங்களுக்குப் பரவியது. வழக்கறிஞர்களைக் கொண்டு தடுக்கப் பார்த்த கேபிடல், அது நடவாதென்று கண்டு, வெளியீட்டை டிசம்பர் 26ஆம் தேதிக்கு முன்தள்ளியது. பள்ளிகளுக்கு விடுமுறை, வீட்டிலிருந்த பிள்ளைகளின் காதோடு வானொலிப் பெட்டி.

அமெரிக்காவில் அவர்களின் முதல் கச்சேரி, பிப்ரவரி 11 அன்று, அதே வாஷிங்டனில் நடந்தது. பனிப்பொழிவு காரணமாக நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார்கள். குத்துச்சண்டைக்குப் போடுவதுபோல் மேடை அரங்கின் நடுவே இருந்ததால், சில பாட்டுகளுக்கு ஒருமுறை ஒலிவாங்கிகளை இடம் மாற்றி, ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸையும் வேறு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பாடினார்கள். அன்று அவர்களைப் பேட்டி கண்டவர்களில் கேரல் ஜேம்ஸும் ஒருவர்.