சாயம் ஏற்றாமல் கண்ணின் இரத்த ஓட்டம்

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இந்தப் பரிசோதனை பழக்கமாக இருக்கும். கை நரம்பில் ஃப்ளூரசீன் என்ற சாயத்தை ஏற்றி, அது விழித்திரையின் இரத்தக் குழாய்களில் ஓடுவதைக் கேமராவில் பிடிப்பார்கள். சிலருக்குக் குமட்டும், அப்புறம் சிறுநீர் ஒரு நாள் ஆரஞ்சு நிறத்தில் போகும். நல்ல பரிசோதனைதான். ஆனால் கண்புரை முற்றியிருந்தால் ஒளியே உள்ளே போகாது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு படலமும் தெளிவாகத் தெரியாது, நடுவில் ஒரு நிறமி அடுக்கு மறைத்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு வரும் இரத்தத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் பாய்வதோ அந்தப் படலத்தில்!

எம்.ஆர்.ஐ.க்குப் புரையும் தடையில்லை, நிறமியும் தடையில்லை. சாயமும் வேண்டாம். மூளைக்காக 1992-இல் வெளிவந்த ஒரு முறை இங்கே கைகொடுக்கிறது. இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தானே? கழுத்துத் தமனியில் ஏறிவரும் இரத்தத்தின் மீது ரேடியோ அலையைச் செலுத்தி, அந்தத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தத் திசையைத் தலைகீழாக்குகிறார்கள். அடையாளம் குத்திய அந்த இரத்தம் கண்ணுக்குள் வந்ததும் ஒரு படம். அடையாளம் குத்தாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது புதிதாக வந்த இரத்தம் மட்டும். ஒவ்வொரு 100 கிராம் திசுவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கே போட்டுவிடலாம்.

கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. வித்தியாசம் மிகச் சிறியது, அடையாளமோ சில விநாடிகளில் அழிந்துவிடும். அதனால் திரும்பத் திரும்பப் படமெடுத்துச் சராசரி காண வேண்டும். விழித்திரையின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான், கொஞ்சம் கண் அசைந்தாலும் படம் கலங்கிப்போகும். ஒரு புள்ளியையே பார்க்கச் சொல்லி, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இமைக்கச் சொல்வார்கள். இயந்திரத்தின் தடதடப்புக்கு நடுவே இமையை அடக்கிப் படுத்திருப்பது லேசான காரியமில்லை.

எனவே இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துச் சங்கதிதான். குழாய்களின் நுண்ணிய வலைப்பின்னலைப் பார்க்க ஒளியால் கண்ணை ஸ்கேன் செய்யும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபியே சிறந்தது, சாயமில்லாமல் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் கிளாக்கோமாவிலும் முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியில் வரும் மாக்குலா சிதைவிலும் கண்ணின் அடி ஆழம் வரை எவ்வளவு இரத்தம் போய்ச் சேர்கிறது என்று அளக்க வேண்டுமானால், என் வாக்கு எம்.ஆர்.ஐ.க்கே.

ஒன்று மட்டும். கிரைண்டிங், வெல்டிங் வேலையில் எப்போதாவது இரும்புத் துணுக்கு கண்ணில் தெறித்திருந்தால், எந்த எம்.ஆர்.ஐ.யாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காந்தம் அதை அசைத்துவிடும், பார்வையே போகலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். மஸ்காராவையும் கழுவிவிட்டுப் போங்கள். அதில் இரும்புத் துகள் இருந்தால் கண் இருக்கும் இடத்தில் படம் கோணிவிடும். வணக்கம்.