நம்ம லைப்ரரிக்கு ஒரு நல்ல சர்வர் போதும்

(நாகர்கோவில் பக்கம் ஒரு கிளை நூலகத்துல, நூலக வாரத்துக்கு வாசகர் வட்டத்துல பேசினது)

நூலகர் அக்காவுக்கும், வாசகர் வட்டத்து அண்ணாச்சிமாருக்கும், பின்னால நிக்குற டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வாறேன்: நம்ம லைப்ரரியில கிடக்குற பழைய கம்ப்யூட்டரை எல்லாம் தூக்கிப் போடாம, ஒரு சர்வர், அதாவது மத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் வேலை குடுக்குற ஒரு பெரிய கம்ப்யூட்டரை வச்சு ஓட்டலாம்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும், புது புராசஸர் வேணும்னு கண்டிஷன், அதனால நல்லா ஓடிட்டு இருந்த மெஷினை எல்லாம் துணி போட்டு மூடி மூலையில தள்ளுறாங்க. கண்டம் பண்ணி பழைய இரும்புக்கு போடுறதுக்கு முன்ன இதை கொஞ்சம் கேளுங்க.

இந்த மேசையில இருக்குற மெஷினை மூடி தொறந்து காட்டுறேன், முன்னால வந்து பாருங்க பிள்ளைகளே. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலியா கிடக்கு. இப்ப ஆன் பண்ணுறேன், எஃப்12 அமுக்கி நெட்வொர்க் பூட் குடுக்குறேன். அந்த ஊதா கேபிள் வழியா சர்வர்ட்ட போய் தனக்கு ஒரு ஐபி நம்பர் வாங்குது, பெறகு லினக்ஸையே, அதாவது விண்டோஸ்க்கு பதிலா கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேரை, அங்கேருந்து இழுத்துக்குது, இந்தா தமிழ்ல லாகின் வந்துட்டு. இதுக்கு எல்டிஎஸ்பின்னு பேரு, லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட், 1999-ல ஆரம்பிச்சது, லைசன்ஸ் காசு கிடையாது. கல்யாண வீட்டுல ஆக்குப்புரை ஒண்ணு, பந்தி எத்தனை வேணும்னாலும் போடலாம்லா, அது மாதிரிதான். அப்டேட் பண்ணணும்னா சர்வர்ல ஒரு தடவை பண்ணுனா போதும், ஒவ்வொரு மெஷினா உக்காந்து மல்லுக்கட்ட வேண்டாம்.

நாலு ஜிபி ராம் இருக்குற மெஷின்ல புரோகிராம் அதுலயே ஓடும், ராம் ரொம்ப குறைவுன்னா வேலையை சர்வர்லயே ஓட வச்சு திரையை மட்டும் இங்க காட்டலாம், ஆனா அப்ப யூடியூப் வீடியோ திக்கும், அதை மறைக்க மாட்டேன். சர்வர் படுத்தா எல்லாமே படுத்துரும், அதனால நல்ல யுபிஎஸ் கட்டாயம் வேணும். நம்ம ஊருல ரெண்டு மழையும் உண்டு, இடி இடிச்சா மோடம் போகும் போர்டு போகும்னு எல்லாருக்கும் தெரியும், எர்த்திங் சரியா இருக்கணும். குளச்சல் பக்கம் உப்புக்காத்து வேற.

நெட் போனாலும் பிள்ளைக சும்மா இருக்க வேண்டாம். கிவிக்ஸ்னு ஒண்ணு உண்டு, தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் சர்வர்ல எறக்கி வச்சிரலாம். தமிழ்ல டைப் பண்ண தமிழ்99 கீபோர்டு, வேர்டு எக்செல் மாதிரி வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டா படிக்க ஜிகாம்ப்ரி, கண்ணு தெரியாதவங்களுக்கு திரையில இருக்குறத வாசிச்சு சொல்ல ஓர்கா. அதைவிட முக்கியமா நான் நினைக்கிறது, கெஸ்ட் லாகின்ல செட் பண்ணிட்டா லாகவுட் பண்ணுனதும் எல்லாம் அழிஞ்சிரும். ஆதார், மார்க் ஷீட், பயோடேட்டான்னு எத்தனை பேரோட ஃபைல் பொது கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்புல கிடக்கு, பாத்தா வயித்த கலக்கும்.

புத்தகக் கணக்குக்கு கோஹான்னு ஒரு சாஃப்ட்வேர். நியூசிலாந்துல ஹோரோவெனுவான்னு ஒரு சின்ன வட்டாரத்து லைப்ரரி, 2000-ம் வருஷம் பொறந்தா அவங்க பழைய சாஃப்ட்வேர் தேதியை தப்பா எடுக்கும்னு ஆச்சு, வேற வாங்காம புதுசா எழுத வச்சு உலகத்துக்கே குடுத்துட்டாங்க. ஒரு சின்ன லைப்ரரி செஞ்சது இது, பெரிய கம்பெனி இல்ல!

இங்க லினக்ஸ் யாருக்கு தெரியும்னு கேப்பீங்க. களியக்காவிளை தாண்டினா கேரளத்து பள்ளிக்கூடப் பிள்ளைக லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் படிக்குது. நம்ம பிள்ளைகளுக்கு அரசு குடுத்த லேப்டாப்லயும் பாஸ்ங்கற நம்ம நாட்டு லினக்ஸ் இருந்துது, அதை தொறந்து காட்ட ஆளு இல்ல, அவ்வளவுதான்.

இதுல யார்ட்டயும் கையேந்த வேண்டாம். வீட்டுவரியோட நூலக வரின்னு ரூபாய்க்கு பத்து பைசா நாம கட்டுறோம். 1948 சட்டம் அது, அன்னைக்கு நாம திருவிதாங்கூர்ல இருந்தோம், 1956-ல தமிழ்நாட்டோட வந்து சேந்தோம், இப்ப நமக்கும் அதுல பாத்தியதை உண்டு. அதனால வாசகர் வட்டம் சார்பா மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு குடுப்போம், ஒரு சர்வர், கேபிளை எல்லாம் ஒண்ணா சேக்குற ஒரு ஜிகாபிட் சுவிட்ச், ஒரு யுபிஎஸ், பழைய மெஷினை கண்டம் பண்ணாம நமக்கே விடணும்னு. மனு எழுதிட்டேன், வாசல் மேசையில இருக்கு, வாசிச்சுட்டு கையெழுத்து போடுங்க. இன்ஸ்டால் பண்ண நான் வாறேன், கூட நின்னு படிச்சுக்க விருப்பமுள்ள பிள்ளைக பேரை அக்காட்ட குடுங்க.