கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லைத் திரும்ப வளர்ப்பது எப்படி?

[காட்சி: காங்கேயம் – தாராபுரம் பக்கம், கிளுவை வேலிக்குள் மேயும் மாடுகள்]

வணக்கம். காங்கேயம் காளையைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம், ஆனால் அந்த மாட்டுக்குத் தீனி போட்டு வளர்த்த நிலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் கொரங்காடு. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்திலேயே வைத்திருக்கும் மேய்ச்சல் காடு. வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த மழையை நம்பி அங்கே நிற்பவை மூன்று: தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள் கிளுவை வேலி.

[காட்சி: கொழுக்கட்டைப் புல் தூர், மிக அருகில்]

இந்தத் தூரை விலக்கி அடியைப் பாருங்கள். தாளின் அடிப்பாகம் கொஞ்சம் தடித்திருக்கிறது இல்லையா, கோடைக்கான சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. மேலே எல்லாம் காய்ந்து சருகானாலும் ஒரு நல்ல மழை விழுந்தால் அங்கிருந்து தளிர்த்துவிடும். மாடு மேய்ந்தாலும் அப்படித்தான் துளிர்க்கும். ஆனால் ஆறவிடாமல் திரும்பத் திரும்ப மேயவிட்டால் சேமிப்பு தீர்ந்து, வேர் சுருங்கி, தூரே செத்துப்போகும். அப்புறம் வெற்று மண்ணில் மழை நேராக அடித்து மேல்மண் ஓடு கட்டிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிப்போகும், மாடு வாய் வைக்காத ஆவாரையும் எருக்கும்தான் மிஞ்சும். பார்ப்பவர்கள் "மழை இல்லை, காடு போச்சு" என்பார்கள். பெய்த மழை மண்ணுக்குள் இறங்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

சரி, மீட்பது எப்படி? முதலில் வேலி. அது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். கிளுவைப் போத்துகளை வெட்டி மழைக்காலத்தில் நெருக்கமாக நட்டால் அதுவே வேர்விட்டு உயிர்வேலியாகிவிடும்.

அடுத்தது விதை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கொழுக்கட்டைப் புல் விதை அறுத்த உடனே சரியாக முளைக்காது. அதற்கு உறக்கக் காலம் உண்டு, ஆறு முதல் எட்டு மாதம் இருப்பு வைத்த விதைதான் நன்றாக வரும். புது விதையைத் தூவிவிட்டு "விதை மோசம்" என்று விட்டுவிடாதீர்கள். புரட்டாசியில், மழைக்கு முன்னால், இறுகிய மேல்மண்ணை லேசாக உழுது உடைத்துவிடுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். விதையைச் சுற்றி முடி முடியாக இருப்பதால் காற்றில் பறக்கும், ஈர மணலோடு கலந்து தூவி, மண் மேலாக மூடினால் போதும். ஆழமாகப் புதைத்தால் மேலே வராது. கூடவே நரிப்பயறும் கொஞ்சம் தூவுங்கள், மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குப் புரதம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் காட்டுத்தீயைப் பரப்பும் களையாகி, அங்கே பிடுங்கி எறிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் எல்லா ஊருக்கும் இதைத் தூவச் சொல்ல மாட்டேன், உங்கள் மண்ணில் ஏற்கெனவே எந்தப் புல் இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சீமைக் கருவேலத்தை அப்படிக் கேட்காமல் கொண்டுவந்ததன் விளைவை நாம் இன்னும் அனுபவிக்கிறோம்.

[காட்சி: வெள்வேல மரத்தடியில் காய் பொறுக்கும் செம்மறிகள்]

வெள்வேல மரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். புல் காய்ந்து கிடக்கும் கோடையில் அதன் காய்கள் உதிர்ந்து ஆட்டுக்கு வயிற்றை நிரப்பும். ஆடு தின்ற காயின் விதை புழுக்கையோடு விழுந்து புதுக் கன்றும் முளைக்கும்.

இனி கஷ்டமான பகுதி. விதைத்த முதல் பருவம், புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை, உள்ளே ஒரு ஆடுகூட நுழையக் கூடாது. பச்சையைப் பார்த்ததும் படலைத் திறந்துவிடத் தோன்றும், அந்த ஆசையில்தான் பாதி முயற்சிகள் அழிகின்றன. ஆனால் இருப்பதே ஒரு காடு என்றால் மாட்டை எங்கே கட்டுவது? அப்படிப்பட்டவர்கள் இந்த வருஷம் பாதியை மட்டும் குறுக்கே வேலி போட்டு அடைத்து விதையுங்கள், மீதிப் பாதியில் மேய்த்துக்கொண்டு, பற்றாததற்குச் சோளத்தட்டு போட்டுச் சமாளியுங்கள். அந்தப் பாதி தூர் கட்டிய பிறகு மாட்டை அங்கே மாற்றிவிட்டு அடுத்த பாதியைத் தொடங்கலாம்.