விதியும் காரணமும்: எமில் ஸோலாவின் மனிதர்கள்

அவைத் தலைவர் அவர்களே, இலக்கிய அன்பர்களே, வணக்கம்.

மனிதனைப் பரம்பரையும் சூழலும் உருவாக்குவதாகக் காட்டும் இலக்கியப் போக்கே இயல்புவாதம். அது மனிதனை விலங்கின் நிலைக்கு இறக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு அது தோன்றிய நாளிலிருந்தே இருந்து வருகிறது. அதை மறுப்பதற்காகவே இன்று பேச வந்திருக்கிறேன். தமிழில் சிலர் இதனை இயற்கைவாதம் என்றும் எழுதுவதால், மலையையும் ஆற்றையும் பாடும் இலக்கியம் போலும் என்று மயங்குவோர் உண்டு. இங்கே இயற்கை என்பது மனிதனுக்குள் ஓடும் இரத்தமும் அவனைச் சூழ்ந்திருக்கும் தெருவும்தான்.

பிரெஞ்சு மருத்துவ அறிஞர் க்ளோத் பெர்னார் 1865-இல் சோதனைமுறை மருத்துவம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உடலில் நிகழும் எதற்கும் கண்டறியத்தக்க காரணம் உண்டு என்ற அவருடைய கொள்கையை, இயல்புவாதத்தின் முதன்மையான நாவலாசிரியர் எமில் ஸோலா நாவலுக்குள் கொண்டுவந்தார். ஒரே குடும்பத்தின் பல கிளைகளைத் தொடர்ந்து 1871 முதல் 1893 வரை இருபது நாவல்கள் எழுதினார்.

அவற்றுள் 1877-இல் நூலாக வந்த ‘லாசொம்முவார்’ நாவலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதன் நாயகி ஜெர்வேஸ், பாரிஸின் ஏழைகள் வாழும் பகுதியில் துணி வெளுத்துப் பிழைப்பவள். நிம்மதியாக உழைக்க வேண்டும், தினமும் ரொட்டி கிடைக்க வேண்டும், படுக்கச் சுத்தமான ஒரு மூலை வேண்டும், யாரும் தன்னை அடிக்கக் கூடாது, கடைசியில் தன் கட்டிலிலேயே சாக வேண்டும் என்பதற்குமேல் அவளுக்கு ஆசை இல்லை. அந்த ஆசையை அவள் சொல்வது ஒரு சாராயக் கடையில் உட்கார்ந்துகொண்டு என்பதைக் கவனியுங்கள்.

அவளை மணக்கும் கூப்போ கூரைக்குத் தகடு வேயும் தொழிலாளி. குடித்துவிட்டுக் கூரையிலிருந்து விழுந்து இறந்த தகப்பனை நினைத்துச் சாராயத்தைத் தொடாதவன். ஒருநாள், கீழே தெருவில் நின்ற அவனுடைய சின்னஞ்சிறு மகள் “அப்பா” என்று கூப்பிடுகிறாள். திரும்பிப் பார்க்கக் குனிந்தவன் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்கிறான். மருத்துவமனைக்கு அனுப்ப மனமில்லாமல், கடை வைக்கச் சேர்த்திருந்த பணத்தையெல்லாம் ஜெர்வேஸ் வீட்டு வைத்தியத்துக்கே செலவழிக்கிறாள். மாதக்கணக்கில் சும்மா இருந்தவனுக்கு வேலையின் மேல் வெறுப்பு வருகிறது. பிறகு குடி வருகிறது. சில ஆண்டுகளில் அவளும் குடிக்கத் தொடங்குகிறாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தில் அவள் இறந்துகிடப்பது, நாற்றம் எடுத்த பிறகுதான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிகிறது.

இதில் எந்த இடத்தில் அவள் பாவம் செய்தாள்? பாசத்தால் செய்த செலவுகூட அவளுக்கு எதிராகவே திரும்பியது. ஒழுக்கக்கேடு என்று ஊர் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதை, விபத்து, வறுமை, ஓய்வில்லாத உழைப்பு, தெருமுனைச் சாராயம் என்று ஸோலா ஒவ்வொரு இழையாகப் பிரித்துக் காட்டுகிறார். மனிதனை இழிவுபடுத்துகிறவன் இத்தனை பொறுமையாகப் பிரித்துப் பார்க்க மாட்டான்.

குறையும் உண்டு. பரம்பரைக் குணம் பற்றி அவர் நம்பிய கருத்துகள் பல இன்று செல்லாதவை. நாவலைச் சோதனை என்று அவர் அழைத்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் சோதனையின் முடிவை இயற்கை தருகிறது, நாவலின் முடிவை எழுதுகிறவனே தருகிறான்.

ஆனால் இயல்புவாதம் விதிக்கொள்கை என்பது தவறு. விதிக்குக் காரணம் கேட்க முடியாது. காரணம் தெரிந்த துன்பத்தை மாற்றலாம் என்பதே ஸோலா 1880-இல் தம் கட்டுரையில் வற்புறுத்திய வேறுபாடு. அந்த நம்பிக்கையோடுதான் 1884-இல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆன்ஸான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நேரில் சென்று, குழிக்குள் இறங்கிப் பார்த்து, மறு ஆண்டு ‘ஜெர்மினால்’ நாவலை வெளியிட்டார். கறுப்பாகக் கோழை துப்பும் கிழவனும், சூரியனையே மறந்து குழிக்குள் வண்டி இழுக்கும் குதிரையும் அதில் வருகிறார்கள்.

1902 அக்டோபரில் பாரிஸில் ஸோலாவின் இறுதி ஊர்வலம் நடந்தபோது வடக்கிலிருந்து சுரங்கத் தொழிலாளர் குழு ஒன்று வந்திருந்தது. அவர்கள் “ஜெர்மினால்! ஜெர்மினால்!” என்று முழங்கிக்கொண்டே நடந்தார்கள்.